ஒற்றை டிக்கெட்டும் உடனடித் தீர்ப்பும்

புக்மைஷோ செயலியில் படத்தையும் காட்சி நேரத்தையும் தேர்ந்தெடுத்ததும், எத்தனை இருக்கைகள் வேண்டும் என்று ஒரு பெட்டி திறக்கும். பல ஆண்டுகள் அந்தப் பெட்டியில் எண்ணுக்கேற்ப ஒரு வண்டியின் படமும் மாறிக்கொண்டிருந்தது. ஒன்றைத் தொட்டால் சைக்கிள், இரண்டுக்கு ஸ்கூட்டர், மூன்றுக்கு ஆட்டோ, அதற்கு மேல் போனால் கார், வேன். வேடிக்கைக்காக வரைந்ததுதான். ஆனாலும் நம் ஊரில் சினிமாவுக்குப் போவது எப்படி நடக்கிறது என்பதை அந்தப் படங்கள் பிசகாமல் சொல்லிவிட்டன. நாலு பேர் சேர்ந்து ஏறிக்கொண்டு போகிற காரியம் அது. ஒற்றை டிக்கெட் வாங்குகிறவர் தானே மிதித்துப் போகவேண்டியதுதான்.

இதே நிறுவனம் 2024ஆம் ஆண்டின் முடிவில் வெளியிட்ட கணக்கில் ஒரு தகவல் பலர் கண்ணில் பட்டது. அந்த டிசம்பரில் வெளியான ‘புஷ்பா 2’ படத்தை 10.8 லட்சம் பேர் தனியாகப் பார்த்தார்களாம். தனியாகப் படம் பார்ப்பவர் என்றதும் நம் மனதில் வருகிற ஆள் வேறு. தோளில் ஜோல்னாப் பை, கழுத்தில் திரைப்பட விழாவின் அடையாள அட்டை, எதிரே ஏதோ ஓர் ஈரானியப் படம். அந்த ஆளை வைத்து இந்தக் கணக்கை விளக்க முடியாது. விசில் பறக்கிற ஒரு நாயகப் படத்துக்குத்தான் இத்தனை பேர் ஒற்றையாகப் போயிருக்கிறார்கள். இந்த எண்ணை அப்படியே விழுங்கிவிடவும் கூடாது. ஒரு டிக்கெட் வாங்கிய எல்லோரும் தனியாக வந்தவர்கள் ஆகமாட்டார்கள். நண்பர்கள் ஆளுக்கொன்றாக வாங்கி ஒரே வரிசையில் உட்காருவது உண்டு. முதல் வார நெரிசலில் சிதறிக் கிடக்கும் ஒற்றை இருக்கைகளைப் பிடித்துக்கொண்டு, இடைவேளையில் கேன்டீன் வாசலில் சந்தித்துக்கொள்வதும் உண்டு. இவர்களையெல்லாம் கழித்தாலும் மிஞ்சுவது சின்னக் கூட்டமாக இருக்காது. கூட்டத்துக்குள் இருப்பதற்காகவே தனியாகக் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

தனியாகப் போகிறவர் எதை இழக்கிறார், எதைப் பெறுகிறார் என்ற கேள்வியை இங்கிருந்து தொடங்கலாம். படம் ஓடும்போது அவர் இழப்பது சொற்பம் என்று நினைக்கிறேன். வேறுபாடு முழுவதும் படம் முடிந்த பிறகு நடக்கும் பேச்சில் இருக்கிறது. தமிழ்நாட்டில் சினிமா பார்ப்பதன் பெரும்பகுதி சினிமாவைப் பற்றிப் பேசுவது என்பதால், அந்த வேறுபாடு சிறியதும் ஆகாது.

சினிமா பிறந்தபோது தனி ஆளுக்காகத்தான் பிறந்தது. 1894 ஏப்ரல் 14 அன்று நியூயார்க்கின் பிராட்வே சாலையில் எடிசனின் கைனெட்டோஸ்கோப் பெட்டிகளை வைத்து ஒரு கூடம் திறந்தார்கள். மொத்தம் 10 பெட்டிகள். 25 சென்ட் கொடுத்தால் ஒரு வரிசையின் ஐந்து பெட்டிகளில் குனிந்து கண்ணை வைத்துப் பார்க்கலாம். ஒரு பெட்டிக்கு ஒரு கண்ணாடித் துளை, ஒரு நேரத்தில் ஓர் ஆள். திரையில் விழவைத்து ஒரே சமயத்தில் பலருக்குக் காட்டினால் பெட்டி வியாபாரம் படுத்துவிடும் என்ற தயக்கம் எடிசன் தரப்பில் இருந்தது. அடுத்த ஆண்டு டிசம்பர் 28 அன்று பாரிஸின் கிராண்ட் கஃபேயில் லூமியேர் சகோதரர்களின் காட்சிக்கு 33 பேர் காசு கொடுத்து உட்கார்ந்தார்கள். வியாபாரத்தில் யார் கணக்கு சரி என்பது அதன்பின் சில ஆண்டுகளிலேயே தெரிந்துவிட்டது. இன்று ரயிலில் கைப்பேசித் திரையைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு படம் பார்ப்பவரைக் கண்டால், எடிசனும் முழுக்கத் தோற்றுவிடவில்லை என்று தோன்றுகிறது.

நம்மிடம் வந்துசேர்ந்தது லூமியேர்களின் வழி. 1905இல், திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கூடாரம் அடித்தார். இங்கே சினிமாவின் முதல் அனுபவமே கூட்டம்தான். திருவிழாவின், தெருக்கூத்தின் கூட்டம் அப்படியே கூடாரத்துக்குள் வந்தது. கார்த்திகேசு சிவத்தம்பி 1981இல் வெளியான தன் ஆய்வில் இதற்கு ஓர் அரசியல் பொருள் கண்டார். தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து பார்த்த முதல் கலைக்கூடம் சினிமாக் கொட்டகை என்றும், அங்கே இடத்தைத் தீர்மானித்தது பிறப்பு என்பது போய்க் கையிலிருக்கும் காசு என்றாகிவிட்டது என்றும் அவர் வாதிட்டார். தரை, பெஞ்ச், சேர் என்ற பிரிவுகளுக்கு அடியில் சாதி ஒளிந்திருந்ததை மறுக்க முடியாது. இருந்தாலும் அந்த வாதம் இன்னும் கனமானது. ஆய்வாளர் எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1996இல் எழுதிய கட்டுரை இதற்கு மறுபக்கம். படித்த மேல்தட்டினர் சினிமாவின்மீது கொண்டிருந்த ஒவ்வாமைக்குக் காரணம், திரையில் ஓடியதைவிட அதன்முன் உட்கார்ந்திருந்தவர்கள் யார் என்பதுதான் என்று அதைப் படித்தால் புரியும்.

இந்தக் கூட்டத்தில் தனி ஆளுக்கு என்ன இடம்? ஆணுக்கு ஓர் இடம் எப்போதும் இருந்தது, சந்தேகத்தோடு. சென்னையில் 1964இல் திறந்த சஃபையர் வளாகத்தின் ப்ளூ டைமண்ட் அரங்கில் ஆங்கிலப் படங்கள் தொடர்காட்சியாக ஓடும். டிக்கெட் வாங்கினால் நினைத்த நேரத்தில் உள்ளே போகலாம், போதும் என்கிறவரை உட்கார்ந்திருக்கலாம். பாதியில் நுழைந்து, முடிவைப் பார்த்து, பிறகு ஆரம்பத்தைப் பார்த்து, தான் வந்த இடம் வந்ததும் எழுந்து போகிற விநோதமான பார்வை முறை அங்கே சாதாரணம். குளிர்சாதனத்துக்காகவே வந்தவர்கள் ஏராளம்: இரண்டு டாக்டர்களைப் பார்ப்பதற்கிடையே பொழுது போக்கவேண்டிய மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி, வகுப்பைக் கட் அடித்த மாணவன், நேர்காணல் முடிந்து ஊருக்குப் பஸ் ஏறும்வரை போக்கிடம் இல்லாத பட்டதாரி. தனியாகப் படம் பார்த்தவர்களின் சரித்திரம் என்று யாராவது எழுதினால், 1990களில் மூடி இடிக்கப்பட்ட அந்த அரங்குக்கு ஒரு தனி அத்தியாயம் வேண்டும்.

சந்தேகத்துக்குக் காரணம் காலைக் காட்சிகள். 1980களிலும் 90களிலும் ‘ஏ’ சான்றிதழ்ப் படங்கள், பெரும்பாலும் ‘மலையாளப் படம்’ என்ற பொதுப்பெயரில், சிற்றூர் அரங்குகளின் காலைக் காட்சியைப் பிடித்துக்கொண்டன. (அடூர் கோபாலகிருஷ்ணனும் அரவிந்தனும் படம் எடுத்த மொழிக்கு இப்படி ஒரு பெயர் ஒட்டிக்கொண்டது பெரிய அநியாயம்.) தெரிந்தவர் கண்ணில் படாமல் நுழைந்து, விளக்கு போடும்முன் நழுவிய அந்த ஆட்களால், தனியாகத் தியேட்டர் வாசலில் நிற்கும் எந்த ஆணும் ஏதோ ஒளிக்கிறான் என்ற எண்ணம் ஊரில் படிந்துவிட்டது. துணை என்பது நீ என்ன படத்துக்குப் போகிறாய் என்பதற்கான நற்சான்றாகவும் இருந்தது.

வெளிநாட்டு உளவியல் ஆய்வுகள் இந்தத் தயக்கத்தை வேறு பக்கத்திலிருந்து தொட்டிருக்கின்றன. அமெரிக்க நுகர்வோர் ஆய்வாளர்கள் ரெபெக்கா ராட்னரும் ரெபெக்கா ஹாமில்டனும் 2015இல் வெளியிட்ட கட்டுரை இதில் முக்கியமானது. இன்பத்துக்காகப் பொது இடத்தில் செய்யும் காரியங்களை, அதாவது சினிமா, உணவகம் போன்றவற்றை, மக்கள் தனியாகச் செய்யத் தயங்குவது ஏன் என்று ஆராய்ந்தார்கள். தனக்கு நண்பர்களே இல்லை என்று பார்ப்பவர்கள் நினைத்துவிடுவார்களோ என்ற அச்சம்தான் முதன்மைக் காரணம். ஓர் ஓவியக் கூடத்துக்கு அருகே போய்க்கொண்டிருந்தவர்களை உள்ளே சென்று பார்க்கச் சொன்னபோது, தனியாக வந்தவர்கள் ஜோடியாக வந்தவர்களைவிடக் குறைவாகவே ரசிக்கப்போவதாக எதிர்பார்த்தார்கள். பார்த்து முடித்தபின் கேட்டால் இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவு ரசித்திருந்தது. அச்சம் குறையும் இரு சந்தர்ப்பங்களையும் அவர்கள் கண்டார்கள். ஒன்று, பார்க்கும் கண்கள் குறைவாக இருக்கும் வேளை. மற்றொன்று, போவதற்கு ஏதோ பயன் நோக்கம் இருப்பதுபோல் காட்டிக்கொள்ள முடிவது. வார நாளின் பகல் காட்சி ஏன் தனி ஆட்களின் காட்சியாக இருக்கிறது என்பதற்கும், விமர்சகர் குறிப்பேட்டோடு போகும்போது ஏன் கூச்சப்படுவதில்லை என்பதற்கும் இதில் பதில் இருக்கிறது.

இதோடு வேறு இரண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் படிக்கவேண்டும். சுரேஷ் ராமநாதனும் ஆன் மெகில்லும் 2007இல் காட்டியது இது: ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்க முடிகிற நிலையில் இருவர் சேர்ந்து காணொளி பார்த்தால், நொடிக்கு நொடி அவர்களின் ரசனை ஏறுவதும் இறங்குவதும் ஒன்றையொன்று தொடர்கிறது. பக்கத்திலிருப்பவர் சலித்துக்கொண்டால் நமக்கும் சலிக்கிறது. 2014இல் எரிகா பூத்பியும் அவருடைய சகாக்களும் சாக்லேட்டை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். முன்பின் தெரியாத ஒருவர் பக்கத்தில் அமர்ந்து, ஒரு வார்த்தையும் பேசாமல், அதே சாக்லேட்டை அதே நேரத்தில் தின்றால் நல்ல சாக்லேட் இன்னும் நன்றாக இருந்தது, கசப்பான சாக்லேட் இன்னும் மோசமாக இருந்தது. அனுபவத்தைக் கூர்மையாக்க நண்பர்தான் வேண்டும் என்பதில்லை, அந்நியரே போதும்.

இவற்றை நம் அரங்குக்குள் கொண்டுவந்து பார்த்தால், தனியாகப் போனவரின் நிலை அவ்வளவு ஏழ்மையானதாகத் தெரியவில்லை. நானூறு அந்நியர்களின் சிரிப்பும் பெருமூச்சும் அவருக்கு முழுதாகக் கிடைக்கின்றன. பக்கத்து இருக்கையில் அத்தையோ மச்சானோ இல்லாததால், அவர்களுக்குப் படம் பிடிக்கிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டிய வேலை மட்டும் அவருக்கு இல்லை. படத்தைப் பரிந்துரைத்தவர் நாமாக இருந்துவிட்டால் அது எவ்வளவு பெரிய வேலை என்பது எல்லோருக்கும் தெரியும். 2024 பிப்ரவரியில் வந்த ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படத்தின் உச்சக் காட்சியில் ‘குணா’ பாட்டு ஒலித்தபோது தமிழ்நாட்டு அரங்குகள் அதிர்ந்தன. அந்த அதிர்வு ஒற்றை டிக்கெட்காரருக்குக் குறைவாகக் கிடைத்திருக்க வழியில்லை. வீட்டில் ஓடிடியில் பார்ப்பதுதான் மெய்யான தனிமை. அரங்கில் தனியாக இருப்பது அதிலிருந்து அடிப்படையில் வேறானது.

ஆனால் இந்த ஆய்வுகளுக்கு ஓர் எல்லை இருக்கிறது. பிறர் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சத்தையும், பிறர் அருகிலிருக்கும்போது மாறும் ரசனையையும் மட்டுமே அவை அளக்கின்றன. நம் ஊரில் தனியாகப் போகும் பெண்ணுக்குப் பிறர் என்ன நினைப்பார்கள் என்பதோடு, என்ன செய்வார்கள் என்ற கேள்வியும் உண்டு. டூரிங் டாக்கீஸில் ஆண்கள் பக்கத்தையும் பெண்கள் பக்கத்தையும் ஒரு குட்டைச் சுவர் பிரித்தது. கவுண்டரிலும் பெண்களுக்குத் தனி வரிசை. அந்த ஏற்பாடு ஒரு கட்டுப்பாடு. கூடவே, ஆண் துணை இல்லாமல் அக்கம்பக்கத்துப் பெண்கள் சேர்ந்து மேட்னிக்குக் கிளம்பிவர அது வழியும் விட்டது. 1980களில் மதுரையின் உழைக்கும் மக்களிடையே தங்கி ஆய்வுசெய்த சாரா டிக்கி 1993இல் வெளியிட்ட நூலிலும், பெங்களூர் அரங்குகளை ஆராய்ந்து லட்சுமி ஸ்ரீநிவாஸ் 2016இல் வெளியிட்ட நூலிலும், சினிமாவுக்குப் போவது முழுக்கக் கூட்டுக் காரியமாகவே தெரிகிறது. டிக்கெட்டுக்கு அலைவது, இடம் பிடிப்பது, குழந்தையை மாற்றி மாற்றித் தூக்கிக்கொள்வது, தின்பண்டத்தைப் பகிர்வது எல்லாம் படத்தின் பகுதிகள். அந்தக் கூட்டுக்குள் பெண்ணுக்கு வெளியே வரும் சுதந்திரம் கிடைத்தது. தனியாக வரும் சுதந்திரம் அதற்குள் அடங்கவில்லை.

மல்டிபிளெக்ஸ் வந்து இதை ஓரளவு மாற்றியது. இருக்கைக்கு எண் உண்டு, யார் பக்கத்தில் காலி என்று முன்பே வரைபடத்தில் பார்த்துக்கொள்ளலாம், கேமரா இருக்கிறது, வெளியே வந்தால் விளக்கு வெளிச்சமுள்ள மால். தெரிந்த பெண்கள் சிலர் சொல்லும் உத்தி ஒன்று உண்டு: குடும்பமாக நாலைந்து இருக்கைகள் பதிவாகியிருக்கும் வரிசையைத் தேடி அதன் ஓரத்தில் தங்களுக்கு ஒன்று எடுப்பது. அரங்குக்குள் இது போதும். இரவுக் காட்சி முடிந்து பார்க்கிங்கிலிருந்து வீடுவரை உள்ள தூரத்துக்கு எந்தச் செயலியிலும் இருக்கை வரைபடம் கிடையாது. பணமும் ஒரு கணக்கு. 2017இல் அரசு மல்டிபிளெக்ஸ் டிக்கெட்டுக்கு 150 ரூபாய் உச்சவரம்பு வைத்தது. வரிகள் சேர்ந்தபோது அது இன்னும் ஏறியது. அதற்குமுன் பல ஆண்டுகள் சென்னையின் பெரிய வளாகங்களிலேயே முன்வரிசை 10 ரூபாய் டிக்கெட் கவுண்டரில் கிடைத்துக்கொண்டிருந்தது. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்த அந்த வரிசையில் தனியாக வந்தவர்கள் நிறைய. ஆண்கள்தான்.

தனியாக வந்தவரை உண்மையில் சோதிப்பது இடைவேளை. இருட்டில் யார் யாரோடு வந்தார் என்பது தெரியாது. விளக்கு போட்டதும் அரங்கு முழுவதும் குடும்பங்களாகவும் ஜோடிகளாகவும் கும்பல்களாகவும் பிரிந்து தெரிகிறது. முன்பெல்லாம் கைக்குட்டையைப் போட்டுவிட்டு எழுந்தால் திரும்பி வருவதற்குள் இடம் போய்விடும் என்று உட்கார்ந்தே கழித்தார்கள். இப்போது இடம் போகாது, ஆனாலும் கைப்பேசியை எடுத்து மும்முரமாக எதையோ தேடுகிறோம். அமெரிக்காவிலோ பிரான்சிலோ பெரும்பாலான படங்கள் இடைவேளை இல்லாமல் ஓடுகின்றன. அங்கே தனியாகப் பார்ப்பதைப் பற்றி எழுதப்பட்ட எதுவும் இந்தப் பதினைந்து நிமிடத்தைத் தெரிந்துகொள்ளாதது.

இடைவேளை இன்னொன்றையும் செய்கிறது. நம் திரைப்படப் பேச்சின் இலக்கணமே அதிலிருந்து வந்தது. ‘ஃபர்ஸ்ட் ஹாஃப் சூப்பர், செகண்ட் ஹாஃப் இழுவை’ என்பதுதான் நம் அடிப்படை வாக்கியம். உலகில் வேறு பல ஊர்களில் படத்தை நடிப்பு, கதை, ஒளிப்பதிவு என்று பிரிப்பார்கள். நாம் முதலில் இரண்டாக வெட்டிக்கொண்டுதான் மற்றதைத் தொடங்குகிறோம். ‘இன்டர்வெல் பிளாக்’ எப்படி இருக்கவேண்டும் என்று திரைக்கதையாசிரியர்கள் மண்டையை உடைத்துக்கொள்வது, பார்வையாளர் கேன்டீன் வாசலில் ஒரு தீர்ப்பைச் சொல்லப்போகிறார் என்று தெரிந்துதான். காபி கோப்பையோடு நிற்கும் நாலு பேரில் ஒருவர் ‘என்னடா, போகுதா?’ என்று கேட்டுவிட்டால் போதும். மீதிப் படத்தை அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் பார்ப்போம். தனியாக வந்தவரிடம் அதைக் கேட்க ஆளில்லை. படத்தின் நடுவில் தீர்ப்பு எதையும் சொல்லாமலே அவர் மறுபடி இருட்டுக்குள் போகிறார். சின்ன விஷயம்தான். எனக்கென்னவோ தனியாகப் பார்ப்பதன் மிகப்பெரிய லாபம் இதில்தான் இருப்பதாகப் படுகிறது.

நம் பத்திரிகை விமர்சனமும் இருவர் பேச்சாகவே நெடுங்காலம் இருந்தது. 1930களில் கல்கி ஆனந்த விகடனில் எழுதியது தனிக்குரல். 1960களில் அதே விகடனில் படவிமர்சனம் ‘சேகர், சந்தர்’ என்ற இரு நண்பர்களின் உரையாடலாக வந்தது. சில படங்களுக்கு ‘முனுசாமி, மாணிக்கம்’ என்ற வேறு ஜோடி, வேறு பேச்சு நடை. ஒருவர் கதையைச் சொல்ல, மற்றவர் குறுக்கிட, நடிப்பும் பாட்டும் இருவர் வாயில் புகுந்து வரும். விமர்சனம் என்பது அறையில் தனியாக உட்கார்ந்து எழுதுவது என்பதையே மறைத்து, படம் விட்டு நடந்துவரும் இரண்டு பேர் பேசிக்கொள்வதாக அது தன்னைக் காட்டிக்கொண்டது. வாசகருக்கு அந்த வடிவம் இயல்பாகப் பட்டதற்குக் காரணம், அவர் வீட்டிலும் படத்தைப் பற்றிப் பேச்சு அப்படித்தான் நடந்தது. பிறகு விகடன் மதிப்பெண் போடத் தொடங்கியது. 1977இல் ‘16 வயதினிலே’ பெற்ற 62.5 மதிப்பெண்ணை இன்றும் பரீட்சை முடிவுபோல் நினைவில் வைத்திருப்பவர்கள் உண்டு. உரையாடல் சுருங்கி எண் ஆயிற்று. இருந்தும் அந்த எண் வார இதழில் வந்தது. படம் பார்த்ததற்கும் எண்ணைப் பார்த்ததற்கும் இடையில் சில நாட்கள் கிடந்தன.

அந்த நாட்கள்தான் இப்போது காணாமல் போயின. காட்சி முடிந்து கதவு திறக்கும்போதே மைக் நீட்டப்படுகிறது. கண் வெளிச்சத்துக்குப் பழகும்முன் ‘படம் எப்படி இருக்கு?’ 2024 நவம்பரில், ‘கங்குவா’ வெளியான சில நாட்களில், தமிழ்த் திரைப்பட நடப்புத் தயாரிப்பாளர் சங்கம் யூடியூப் சேனல்களை அரங்க வளாகத்துக்குள் விடவேண்டாம் என்று திரையரங்கு உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. ‘இந்தியன் 2’, ‘வேட்டையன்’ ஆகியவற்றையும் இந்த உடனடி விமர்சனங்கள் பாதித்ததாகக் குறைப்பட்டது. படம் வெளியாகி மூன்று நாட்களுக்கு விமர்சனம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் போனார்கள். டிசம்பரில் நீதிமன்றம் அப்படித் தடைவிதிக்க மறுத்து, விமர்சனம் கருத்துரிமை சார்ந்தது என்றது. நீதிமன்றம் சொன்னதே சரி. தயாரிப்பாளர்கள் கேட்டது மூன்று நாள் வசூலுக்கான பாதுகாப்பு. ரசிகரின் யோசனைக்கான அவகாசம் அவர்கள் கவலையில் இல்லை. ஆனால் அந்த அவகாசம் உண்மையாகவே தேவைப்படுகிற ஒன்று. அதைச் சட்டத்தால் கொடுக்க முடியாது.

அவகாசம் இல்லாததன் விளைவைப் படங்களிலேயே பார்க்கலாம். 2024 செப்டம்பர் 27 அன்று வந்த ‘மெய்யழகன்’ நீளமாக இருக்கிறது என்ற பேச்சு முதல் காட்சியிலிருந்தே கிளம்பியது. சில நாட்களில் சுமார் 18 நிமிடங்களை வெட்டிவிட்டார்கள். ஓர் இரவு முழுதும் இரண்டு ஆட்கள் பேசிக்கொண்டிருக்கும் படம் அது. நிதானம்தான் அதன் உயிர். முதல் சில நாட்களில் பார்த்தவரும் அதன்பின் பார்த்தவரும் வெவ்வேறு படத்தைப் பார்த்தார்கள். ஆறப்போட்டு, ஒரு வாரம் கழித்து நிதானமாகப் போகலாம் என்று நினைத்தவருக்குக் கிடைத்தது, அவசரக்காரர்களின் கருத்துக்கேற்ப மாற்றிய பிரதி.

அதே ஆண்டு ஆகஸ்ட் 23 அன்று ‘வாழை’யும் ‘கொட்டுக்காளி’யும் ஒரே நாளில் வெளியாயின. தனியாகப் பார்ப்பதையும் சேர்ந்து பார்ப்பதையும் ஒப்பிட இதைவிட நல்ல சோடி கிடைப்பது அரிது. மாரி செல்வராஜின் ‘வாழை’ முடியும்போது அரங்கில் அழுகைச் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் படத்தின் பகுதி. அது இல்லாமல் வீட்டில் பார்த்தவருக்குக் கிடைத்தது குறைவு. பி.எஸ். வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’யில் பின்னணி இசையே கிடையாது. ஆட்டோவின் உறுமல், காற்று, கட்டிவைத்த சேவல், வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் அன்னா பென். சாமியாடியிடம் போய்ச் சேர்ந்த பிறகு சூரியின் பாத்திரம் என்ன முடிவு எடுத்தது என்பதைச் சொல்லாமலே படம் நின்றுவிடுகிறது. அரங்கில் ஒரு நொடி யாரும் எழவில்லை. அடுத்த நொடி ‘என்ன, அவ்வளவுதானா?’ என்று யாரோ கேட்க, சிரிப்பு எழுந்தது. கும்பலாக வந்தவர்கள் அந்தச் சிரிப்பில் கலந்துகொள்ளாமல் இருப்பது கஷ்டம். ‘அவ்வளவுதானா’ என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதை உரக்கக் கேட்டுவிட்டால் அதற்குமேல் அந்த முடிவை யோசிக்கவேண்டிய பொறுப்பு முடிந்துவிடுகிறது. பெர்லின் திரைப்பட விழாவில் காட்டப்பட்ட இந்தப் படத்தைத் திரையரங்குக்குக் கொண்டுவந்திருக்க வேண்டுமா என்று அப்போது ஒரு விவாதம் ஓடியது. கொண்டுவந்தது சரி என்பதே என் கட்சி. அந்த ஒலிகளுக்குப் பெரிய அரங்கு வேண்டும். போகிறவர் தனியாகப் போவது நல்லது, அவ்வளவே.

பேச்சைத் தள்ளிப்போடுவதைப் பற்றி இரண்டு பேர் நன்றாக எழுதியிருக்கிறார்கள். பிரெஞ்சு விமர்சகர் ரொலான் பார்த் 1975இல் எழுதிய சிறு கட்டுரையில், அரங்கைவிட்டு வெளியே வருகிறவரின் அரைத்தூக்கம் போன்ற நிலையை விவரித்து, பார்த்த படத்தைப் பற்றி உடனே பேசுவது தனக்குப் பிடிக்காது என்று போகிறபோக்கில் சொல்வார். அமெரிக்க விமர்சகர் பாலின் கேலின் அனுபவம் இன்னும் விநோதம். டி சிக்காவின் ‘ஷூஷைன்’ படத்தை, காதலனோடு பெரும் சண்டை போட்ட ஒரு நாளில் தனியாகப் போய்ப் பார்த்து அழுதுகொண்டே வெளியே வந்தார். இதில் அப்படி என்ன விசேஷம் என்று ஒரு கல்லூரிப் பெண் தன் துணையிடம் அலுத்துக்கொண்டது காதில் விழுந்தது. பின்னால்தான் தெரிந்ததாம், சண்டை போட்ட அந்த ஆளும் அதே இரவு அதே படத்துக்குப் போய் அழுதுகொண்டு வெளியேறியிருக்கிறார் என்று. சேர்ந்து பார்த்த ஜோடிக்கு நேர்ந்ததையும், தனித்தனியே பார்த்த இருவருக்கு நேர்ந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டார் கேல். பாடம் எதுவும் சொல்லவில்லை.

தனியாகப் பார்ப்பதை உயர்த்திப் பேசி, சேர்ந்து பேசுவதைத் தாழ்த்துவது என் நோக்கமில்லை. பேச ஆள் இல்லாத ரசனை சீக்கிரம் இறுகிப்போகும். தன் கருத்தை யாரும் மறுக்காத இடத்தில் வைத்துப் பழகியவர்கள் எழுதும் விமர்சனத்தில் அந்த இறுக்கத்தை எளிதில் கண்டுபிடிக்கலாம். தனியாகப் பார்த்துவிட்டுப் பிறகு கூடிப் பேசுவது என்ற வரிசைக்கு நம்மிடம் ஒரு மரபும் இருக்கிறது. 1959இல் இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பு சத்யஜித் ராயைத் தலைவராகக் கொண்டு உருவானபோது சென்னைச் சங்கமும் அதில் இருந்தது. 2003 முதல் நடக்கும் சென்னைப் பன்னாட்டுத் திரைப்பட விழாவில் தனியாக வருவது இயல்பு நிலை. ஒரு நாளைக்கு நாலு படம், ஒவ்வொருவர் பட்டியலும் வேறு. துணையைச் சேர்த்துக்கொண்டு போனால் ஒன்றையும் ஒழுங்காகப் பார்க்க முடியாது. காலையில் பார்த்த படத்தைப் பற்றி மாலையில், அதற்குள் வேறு இரண்டு படம் பார்த்துவிட்ட யாரோ ஒருவரோடு, டீக்கடையில் பேச்சு தொடங்கும். அதற்குள் அந்தப் படம் கொஞ்சம் வடிந்து, ஒட்டவேண்டியது ஒட்டியிருக்கும்.

சாதாரண வெள்ளிக்கிழமைப் படத்துக்கு இந்த வசதி இல்லை. பகல் காட்சிக்கு ஆள் சேராவிட்டால், பத்துப் பேராவது வரட்டும் சார், ஓட்டலாம் என்று நிற்கவைக்கிற அரங்குகள் இன்னும் இருக்கின்றன. தனியாகப் போகிறவர் அந்த ஒன்பது பேருக்காகக் காத்திருக்கவேண்டும். எல்லாம் கூடிவந்து படத்தையும் பார்த்துவிட்டு வெளியே வந்தால், வீட்டிலிருந்து அழைப்பு. படம் எப்படி, ஞாயிற்றுக்கிழமைக்கு எல்லோருக்கும் போட்டுவிடலாமா என்கிறார்கள். ‘தெரியலை, ரெண்டு நாள் போகட்டும், யோசிச்சுச் சொல்றேன்’ என்று உள்ளதைச் சொன்னால், எதிர்முனையில் அதற்குள் முடிவெடுத்து விடுகிறார்கள்: ‘அப்ப ஓடிடில வரும்போது பாத்துக்கலாம்ங்கறீங்க.’